வெள்ளிக்கிழமைச் சீட்டு

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். சிவில் துறை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பொருள்களின் வலிமை பற்றிய பாடம் எடுக்கிறேன். ஒரு பீமின் மேல் பாரம் ஏற்றினால் அது எங்கே வளையும், எங்கே உடையும் என்று கணக்குப் போடுகிற பாடம். அதை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் செய்த காரியம் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாய் முடிந்தது. அந்தக் குரங்கு என் தலையில் ஏறியிருந்தால் பரவாயில்லை, உதறிவிட்டுப் போயிருப்பேன். ஒரு மாணவியின் தலையில் ஏறிக்கொண்டது.

எங்கள் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டு ஆசிரியர் திரும்பி நின்று, "புரிஞ்சுதா?" என்பார். அறுபது பேரும் சேர்ந்து, "புரிஞ்சுது மேடம்" என்பார்கள். கோயிலில் தீபாராதனைக்குக் கை கூப்புகிற மாதிரி அது தானாக வரும். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தேர்வுத்தாளில் படத்தை அச்சு மாறாமல் வரைந்திருப்பார்கள். ஆனால் பாரத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கேட்டால் அதே பழைய படத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். பத்து வருடம் இதைத் திருத்திச் சலித்துப்போனேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அந்தச் சுரைக்காயை விற்கிறவள் என்று ஒருநாள் உறைத்தது.

அந்த வருட விடுமுறையில் முகப்பேர் வீட்டில் உட்கார்ந்து பாடத்தைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். பல்கலைக்கழகம் கொடுத்த பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட நாம் மாற்ற முடியாது. ஆனால் எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பது நம் கையில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் சூத்திரமே கிடையாது என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொண்டுவர வேண்டும். இரண்டு ரப்பர் துண்டுகளின் மேல் அதைப் படுக்க வைத்து, நடுவிலும் ஓரத்திலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணால் கண்டதற்குப் பிறகுதான் கணக்கு. இதற்குத் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது, அதுவரை எந்த வம்பும் வரக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். "என்ன வேணா பண்ணுங்க மேடம், ஆனா கோர்ஸ் ஃபைல்ல காட்டிடுங்க" என்றார்.

கோர்ஸ் ஃபைல் என்றால் என்ன என்று கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் ஒரு தடித்த கோப்பு வைத்திருப்பார். என்ன நடத்தினோம், எந்தத் தேதியில் நடத்தினோம், யார் தேறினார்கள், தேறாதவர்களுக்கு என்ன செய்தோம் என்பதெல்லாம் தாளாக அதில் இருக்க வேண்டும். தரச் சான்றிதழ் கொடுக்கிற கமிட்டி வரும்போது வகுப்பை அவ்வளவாகப் பார்க்காது, இந்தக் கோப்பைத்தான் பார்க்கும். வகுப்பில் நடந்து கோப்பில் இல்லாவிட்டால் அது நடக்கவில்லை. வகுப்பில் நடக்காமல் கோப்பில் இருந்தால் அது நடந்துவிட்டது. இதை எங்களில் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அது ஒரு வேலை.

ஸ்கேலோடு நான் இன்னொன்றையும் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் எல்லோரும் அரைத்தாளைக் கிழித்து, அந்த வாரம் தனக்குப் புரியாத ஒன்றை எழுதித் தர வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சீட்டில் பதிவு எண்ணைப் போடச் சொன்னேன். ஒவ்வொரு சீட்டுக்கும் பின்பக்கம் பதில் எழுதித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பதாக என் திட்டம். யாருடையது என்று தெரியாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

முதல் வாரம் ஐம்பத்தெட்டு சீட்டில் 'ஒன்றும் இல்லை, நன்றாகப் புரிந்தது' என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் திட்டவில்லை. அதற்குப் பதிலாக, இதே பாடத்தில் நான் மாணவியாக இருந்தபோது எனக்குப் புரியாமலே போனவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினேன். அதில் ஒன்று வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம்தான் எனக்கு விளங்கியது என்று சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பத்துப் பதினைந்து உண்மையான சீட்டுகள் வந்தன.

மூன்றாவது வாரம், கணக்குக்கு வந்தபோது, ஒரு சீட்டு நீளமாக இருந்தது. குத்தம்பாக்கத்திலிருந்து வருகிற பெண் எழுதியது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், வகுப்பில் வாயே திறக்காதவள், மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். பீம் முழுக்கச் சமமாகப் பாரம் இருந்தால், பீமை வெட்டப் பார்க்கிற விசை சரியாக நடுவில் பூஜ்யம் ஆகிவிடும் என்று அன்றைக்கு நடத்தியிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: 'நடுவில் பூஜ்யம் என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டுக்கு எதிரே கால்வாய் மேல் போட்ட பலகை நடுவில்தான் உடைந்தது. ஒன்றும் நடக்காத இடத்தில் ஏன் உடைய வேண்டும்?'

கல்லூரிப் பேருந்தில் அம்பத்தூர் வரும் வரைக்கும் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தேன். பதினான்கு வருடத்தில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. வெட்டுகிற விசை வேறு, வளைக்கிற விசை வேறு, ஒன்று அடங்குகிற இடத்தில்தான் இன்னொன்று உச்சத்துக்குப் போகிறது. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அடுத்த வாரத்து வகுப்பை முழுக்க அந்தப் பலகையை வைத்தே நடத்தினேன். யார் கேட்டது என்று சொல்லவில்லை. அவள் மட்டும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் மாதிரி அது இருந்தது, அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாரம் தவறாமல் எழுதினாள். சில வாரம் இரண்டு தாள். நான் வகுப்புக்குத் தயார் செய்வதே அவள் என்ன கேட்பாள் என்று நினைத்துத்தான். இரண்டு இடங்களில் அவளுடைய கேள்வியால் பாடத்தின் வரிசையையே மாற்றினேன். பாடத்தை வடிவமைப்பது எப்படி என்று மூன்று பயிற்சி முகாம்களுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே கற்காததை எனக்குக் கற்பித்தவை அந்த அரைத்தாள்கள். மூன்றாம் ஆண்டில் நான் எடுக்கிற கட்டட வடிவமைப்புப் பாடம் ஒன்று உண்டு, விருப்பப்பட்டவர்கள் சேரலாம். அதில் சேர வேண்டும் என்று ஒரு சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள். பதிலில் 'கட்டாயம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஒவ்வொரு சீட்டையும் திருப்பிக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெருமை. நம் பாடம் எவ்வளவு நன்றாகப் போகிறது என்று நாளைக்கு யாராவது பார்க்கட்டுமே என்கிற பெருமை, வேறென்ன.

கமிட்டி வருகிற தேதி முடிவானதும் கல்லூரி சாமி வந்த மாதிரி ஆடத் தொடங்கியது. கோப்பில் வைக்க வேண்டிய தாள்களில் ஒன்று ஸ்லோ லேர்னர் பட்டியல். முதல் உள்தேர்வு முடிந்ததும் மெதுவாகப் படிக்கிறவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுத்ததாகக் காட்ட வேண்டும். என் வகுப்பில் ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்கள் ஒன்பது பேர்தான். நல்ல செய்தி என்று நினைத்துத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் முகம் சுருங்கியது. மற்ற பாடங்களில் எல்லாம் பதினைந்து, இருபது என்று இருக்கிறது, இதில் மட்டும் ஒன்பது என்றால் சரியாகத் தேடவில்லை என்பார்கள் என்றார். "பதினஞ்சாவது காட்டணும் மேடம். அந்தச் சீட்டெல்லாம் வெச்சிருக்கீங்களே, அதுல அதிகமா டவுட் கேட்டவங்க ஆறு பேரைப் போட்டுடுங்க. ஆதாரமும் இருக்கு பாருங்க."

முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன், அதிகம் கேட்கிறவர்கள்தான் அதிகம் யோசிக்கிறவர்கள் என்று. அவர் மறுக்கவில்லை. எல்லாம் தாளுக்குத்தானே மேடம், யார் படிக்கப் போகிறார்கள் என்றார். எனக்கும் இன்னும் நான்கு அட்டவணைகள் பாக்கி இருந்தன. பாடத்தின் ஒவ்வொரு நோக்கமும் படிப்பின் ஒவ்வொரு பலனோடும் எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட வேண்டிய அட்டவணைகள். மதியம் எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சீட்டுகளை எண்ணினேன். யார் அதிகம் என்று எண்ண வேண்டிய அவசியமே இல்லை. முதல் பெயர் அவளுடையதுதான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு கணம் யோசித்ததும் உண்மை. ஆனால் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? அவள் புத்திசாலி, இது வெறும் கோப்புக்கான வேலை என்று அவளுக்குப் புரியும் என்று யோசித்தேன். நாளைக்குப் பார்க்கும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன். மறுநாள் ஸ்டாக் ரிஜிஸ்டர் சரிபார்ப்பில் மறந்துபோனேன்.

அந்த வருடம் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. பட்டியலில் இருப்பவர்களின் பெற்றோருக்குத் தெரிவித்ததற்கும் ஆதாரம் வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவெடுத்து, பதினைந்து கடிதங்களை அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். கீழே கல்லூரி முத்திரை, துறைத் தலைவரின் கையெழுத்து, பாட ஆசிரியரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. பதினைந்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். ஒரு மாணவியின் அப்பா வந்திருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டுமாம். துறைத் தலைவர் அறைக்கே வரச் சொன்னார்கள். நான் போனபோது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பரம்பரையாக நெல் போட்ட குடும்பம், இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எனக்கு இங்கிலீஷ் தெர்யாது மேடம். லெட்டர எம்பொண்ணுதான் படிச்சி சொன்னா. அவ சரியா சொன்னாளா, இல்ல எதுனா மறைச்சிகினாளான்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

கடிதத்தை வாங்கினேன். அப்போதுதான் முதல் முறையாக அதைப் படித்தேன். 'தங்கள் மகள் இந்தப் பாடத்தில் மெதுவாகக் கற்பவர் என்று அடையாளம் காணப்பட்டுள்ளார். மற்ற மாணவர்களின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க இயலவில்லை.' இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் நான்கு வரி. அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதே, முந்தின நாள் அவர்கள் வீட்டில் இதே வரிகளை அந்தப் பெண் தன் வாயால் அப்பாவுக்கு மொழிபெயர்த்திருப்பாள் என்று எனக்கு உறைத்தது.

அவர் தலையை ஆட்டினார். "இதத்தான் மேடம் அவளும் சொன்னா. ஒரு வார்த்த வுடல."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "அப்போ எம்பொண்ணு மக்கா மேடம்?"

நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மேஜை மேல் பத்து நாளில் வரப்போகிற கமிட்டிக்கான கோப்புகள் அடுக்கியிருந்தன. இல்லை, உங்கள் பெண்தான் அந்த வகுப்பிலேயே நன்றாக யோசிக்கிறவள், இந்தக் கடிதம் என் தப்பு, பதினைந்து என்ற எண்ணிக்கையை நிரப்ப அவள் பெயரை நான்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். நான்கு வாக்கியம். தினமும் ஐம்பது நிமிடம் நிற்காமல் பேசுகிறவளுக்கு அந்த நான்கு வாக்கியம் வரவில்லை. பட்டியல் பொய் என்று நானே அந்த அறையில் சொன்னால் என்ன ஆகும் என்கிற பயம் வந்தது. வேலை பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

அப்படியெல்லாம் இல்லை, சில பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் கொடுக்கிறோம், நல்லதுக்குத்தான் என்று துறைத் தலைவர் சமாளித்தார். நானும், "ஆமாங்க, கூடுதலா கவனிக்கிறோம்" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மறுபடி உறையில் போட்டுக்கொண்டார். "ஊட்லயும் இப்டிதான் மேடம். எதுனா ஒன்னு கேட்டுகினே கீது. லாரி ஏன் மேடு ஏறச்சொல்ல தண்ணி பின்னாடி போவுது, அது ஏன், இது ஏன்னு நொய்யி நொய்யினு. புத்தி ஜாஸ்தின்னு நான் நெனச்சிகினு இருந்தேன்." சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அவளைக் கூப்பிட்டேன். பட்டியல் வெறும் கோப்புக்காகப் போட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். சரி என்றாள். மாலைத் தனி வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்றேன். வராவிட்டால் வருகைப் பதிவில் காட்டுமே மேடம் என்றாள். கேள்விக்குறி இல்லாத கேள்வி அது. நான்கு மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, பட்டியலில் இருந்த மற்ற பதினான்கு பேரோடு அவளும் உட்கார்ந்தாள். அந்த வகுப்பை எடுத்தது நான்தான். அவளுக்குத் தெரிந்ததையே மறுபடி மறுபடி நான் சொல்ல, அவள் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று அது நடந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமைச் சீட்டில் 'டவுட் இல்லை' என்று எழுதியிருந்தாள். அவள் மட்டும் இல்லை. சீட்டு எழுதினால் வீட்டுக்கு லெட்டர் போகும் என்று வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. பதிவு எண் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் ஐந்தாறு வெற்றுத்தாள்கள் என் மேஜைக்கு வந்தன. எண் இல்லாத சீட்டு ஆதாரம் ஆகாது என்று துறைத் தலைவரும் அவற்றைக் கோப்பில் சேர்க்க மறுத்தார்.

கமிட்டி வந்தது. வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள் படிக்கட்டு ஓரம் வரிசையாக நின்றன. வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பேராசிரியர் என் கோப்பை எடுத்துப் புரட்டினார். பலகை பற்றிய சீட்டில் நின்றார். இரண்டு முறை படித்துவிட்டு, "நல்ல கேள்வி, இரண்டாம் வருஷப் பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த பகுதியைத் திருப்பினார். ஸ்லோ லேர்னர் பட்டியல். முதல் வரியில் அதே பதிவு எண். அவர் விரல் அந்த வரியின் மேலேயே நகர்ந்து போனது. ரொம்ப முறையாகச் செய்திருக்கிறீர்கள் என்று அதையும் பாராட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அவராவது கவனித்திருக்கலாம் என்று அன்றைக்கு முழுக்க அவர் மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஒரு நியாயம் பாருங்கள்.

கமிட்டி அறிக்கையில் சீட்டு முறை சிறப்பான நடைமுறை என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அடுத்த பருவத்தில் எல்லாத் துறைக்கும் அது அச்சடித்த படிவமாக வந்தது. மேலே பதிவு எண்ணுக்குப் பத்துக் கட்டங்கள். அதைப் பற்றி மற்ற ஆசிரியர்களுக்கு விளக்க என்னை மேடையில் ஏற்றினார்கள். ஏறினேன், பேசினேன்.

பருவத் தேர்வில் அவள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். விடைத்தாளை நான் திருத்தவில்லை என்றாலும், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் கோப்பில் ஒரு தாள் சேர்ந்தது. மெதுவாகக் கற்பவராக அடையாளம் காணப்பட்ட மாணவி, தனி வகுப்பின் பயனாக முதலிடம். துறைத் தலைவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அந்தத் தாளிலும் பாட ஆசிரியருக்கு ஒரு கோடு இருந்தது.

மூன்றாம் ஆண்டுக்கு விருப்பப் பாடம் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியல் வந்தபோது என் வடிவமைப்புப் பாடத்தில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. கழிவுநீர் மேலாண்மையில் சேர்ந்திருந்தாள். அது படித்து ஒப்பிக்கிற பாடம், கணக்கே கிடையாது என்று பிள்ளைகள் நடுவில் அதற்குப் பெயர்.

அன்று மதியம் ஒரு கடிதம் எழுதினேன். அவளுடைய அப்பாவுக்கு, தமிழில், என் கையெழுத்தில். அந்த அறையில் வராத நான்கு வாக்கியங்களையும் எழுதினேன். உங்கள் மகள் மக்கு இல்லை, நான் பதினான்கு வருடத்தில் பார்த்த மாணவர்களில் அவளைப் போலக் கேள்வி கேட்டவர் யாரும் இல்லை, அந்தக் கடிதம் தவறு, தவறு செய்தது நான். எழுதி முடித்தபோது மனசு கொஞ்சம் லேசானது. அவ்வளவு சுலபமாக லேசானதே எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் கல்லூரிப் பேருந்துகள் நிற்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். வெயில் இன்னும் தாழவில்லை, நிழலுக்காக ஒரு பேருந்தின் ஓரமாக நின்றிருந்தாள். கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுத்து, படித்துவிட்டு அப்பாவிடம் கொடு என்றேன். அங்கேயே நின்று படித்தாள். நிதானமாக, ஒரு வரியையும் தாண்டாமல் படித்தாள். முடித்துவிட்டு மடித்த மடிப்பிலேயே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் மேடம். நைனா அந்த லெட்டர இன்னும் பீரோல வெச்சிகினு கீறாரு. அதுல காலேஜ் சீல் கீது. இதுல இல்ல. நான் எழுதிகினு வந்தேன்னு நெனப்பாரு."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தவறு முழுக்க என்னுடையது, நீ கேட்டதில் ஒரு தவறும் இல்லை என்றேன். வடிவமைப்புப் பாடத்துக்கு மாறிக்கொள்ள இன்னும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்றும் சொன்னேன். என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

அவள் கோபமாக இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரி பேசினாள். "கேட்டது தப்பு இல்லன்னு எனக்கும் தெரியும் மேடம். எழுதிக் குடுத்தேன் பாருங்க, அதான் தப்பு. இனிமே குடுக்க மாட்டேன்."

ஓட்டுநர் வண்டியை எடுத்தார். அவள் ஏறி, ஜன்னலோரம் இடம் இருந்தும் நடுவில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பருவம் முழுக்க நான் நடத்தியதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்த பாடம், எழுதிக் கொடுக்கக் கூடாது என்கிற அது ஒன்றுதான். அதை நடத்தியது நான்தான்.